மூங்கிலுக்குள்ளே ஒரு குரல்



ஒரு மூங்கில் குழாய். பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும் நீளம். ஊத ஒரு துளை, விரல் வைக்க எட்டுத் துளைகள். அவ்வளவுதான். ஸ்க்ரூ கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, வால்வு கிடையாது. நம்ம ஒர்க் ஷாப்புல இதைவிடச் சுலபமான ஜாப் ஒண்ணை யாரும் கொடுத்திருக்க மாட்டாங்க. ஆனால் இந்தக் குழாயோடு கடல் கடந்து போய், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடம் நடத்தி, நம் மொழியே தெரியாத பிள்ளைகளைத் தோடியும் பைரவியும் பாட வைத்தார் ஒரு தமிழர். அவர்தான் புல்லாங்குழல் மேதை டி. விஸ்வநாதன். உறவினர்களுக்கும் மாணவர்களுக்கும் அவர் விஸ்வா.

இசை என்றாலே சினிமாப் பாட்டுதான் என்று வளர்ந்த கூட்டம் நாம். கலைவிழாவில் மைக் பிடித்தால் என்ன பாடுவோம் என்று எல்லோருக்கும் தெரியும்! கர்நாடக சங்கீதம் கேட்பவர்களிலும் மாலி என்ற டி.ஆர். மகாலிங்கத்தைத் தெரிந்த அளவுக்கு விஸ்வநாதனைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனாலும் இந்த மலருக்காக அவரைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். காரணம் இருக்கிறது. கையால் செய்து கற்கும் கல்விக்காக அவர் ஓர் ஆயுளையே கொடுத்திருக்கிறார். டிப்ளமோ படிக்கும் நமக்கு அது சொந்த விஷயம்.

வெள்ளிக்கிழமை வீடு

விஸ்வநாதன் பிறந்தது 1927 ஆகஸ்ட் 13, சென்னையில். பெயருக்கு முன்னால் இருக்கும் டி என்ற எழுத்து தஞ்சாவூரைக் குறிக்கும். தஞ்சை அரண்மனையோடு தொடர்புடைய குடும்பம் அது. ஏழு தலைமுறையாக ஆடலையும் பாடலையும் பெண்கள் வழியாகக் காத்து வந்த வம்சம்.

அவருடைய பாட்டிதான் வீணை தனம்மாள் (1867-1938). ஜார்ஜ் டவுனில் இருந்த அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் வீணைக் கச்சேரி. மேடை கிடையாது, விளம்பரம் கிடையாது. பெரிய பெரிய வித்வான்களெல்லாம் வந்து சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள். தனம்மாள் வீணையை மீட்டிக்கொண்டே கூடவே பாடுவார். விரலும் குரலும் சேர்ந்து ஒரே இசையாக வரும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தாயார் ஜெயம்மாள் சிறந்த பாடகி. அக்கா யார் தெரியுமா? பரதநாட்டியம் என்றாலே உலகம் முழுக்கச் சொல்லும் பெயரான டி. பாலசரஸ்வதி (1918-1984). அண்ணன் டி. ரங்கநாதன் மிருதங்க வித்வான், பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர். சித்தி பெண்கள் பிருந்தாவும் முக்தாவும். இப்படி வீட்டுக்குள்ளேயே ஒரு பல்கலைக்கழகம்!

ஆனால் வெளியே நிலைமை வேறு. அந்தக் காலத்தில் இந்தக் குடும்பங்களின் கலையை ரசித்தவர்களே அந்தக் குடும்பங்களைத் தாழ்வாகப் பேசினார்கள். 1947 இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை நிறுத்த அப்படி ஒரு சட்டம் வேண்டியிருந்தது, உண்மைதான். ஆனால் அந்தச் சட்டத்துக்காக நடந்த பிரசாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த கலைமேலும் சேறு விழுந்தது. கலை வேண்டும், கலைஞர் பிறந்த வீடு வேண்டாம் என்கிற மனப்பான்மை ஊரில் இருந்தது. விஸ்வநாதன் இளைஞராக மேடையேறியது அப்படிப்பட்ட காலத்தில்.

குருவின் வாசலில்

பிள்ளைக்குப் புல்லாங்குழல் என்று முடிவானதும் அவருக்குக் கிடைத்த குரு திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது திருப்பாம்புரம். பேர் பெற்ற நாகசுரக் குடும்பம் அது. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைப் பாடம் மாறாமல் காத்து வந்த குடும்பமும் கூட. சுவாமிநாத பிள்ளை குழல் வாசித்தால் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல இருக்குமாம். 1953 இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது.

சிறு வயதிலேயே இந்த குருவிடம் போய்ச் சேர்ந்தவர், சுமார் 20 ஆண்டுகள் அவரிடம் கற்றார். நம்ம கணக்குப்படி 40 செமஸ்டர்! ரெக்கார்ட் நோட் கிடையாது, இன்டர்னல் மார்க் கிடையாது. குரு வாசிப்பார், சீடன் திரும்ப வாசிக்கணும். சரியாக வரவில்லையா, மறுபடியும். சரியாக வந்தாலும் மறுபடியும்.

இங்கேதான் இரண்டு ஆறுகள் ஒன்றாகக் கலந்தன. வீட்டிலிருந்து வந்தது வீணையும் பாட்டும், பதம், ஜாவளி என்ற நாட்டியப் பாடல்களின் நிதானமும். குருவிடமிருந்து வந்தது நாகசுரக்காரர்களின் ராக விஸ்தாரமும் தீட்சிதர் கீர்த்தனைகளின் கனமும். இரண்டும் சேர்ந்த வாசிப்புதான் விஸ்வநாதன் பாணி. இரண்டு பாணியை ஒன்றாகக் கலக்கிறேன் என்று அவர் பறைசாற்றிக் கொள்ளவில்லை. இரண்டையும் முழுசாகக் கற்றுக்கொண்டார், அது தானாகக் கலந்தது.

ஊதுவதா, பாடுவதா?

புல்லாங்குழலில் எந்த இடத்தில் துளை திறக்கிறதோ, அதை வைத்துத்தான் உள்ளே அதிரும் காற்றுக் கம்பத்தின் நீளம் அமைகிறது. நீளம் குறைந்தால் ஸ்வரம் ஏறும், கூடினால் இறங்கும். பிசிக்ஸ் லேபில் ரெசனன்ஸ் காலம் வைத்துப் பண்ணினோமே, அதே தத்துவம்தான். ஆனால் நம் சங்கீதத்தில் ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்காது. அசையும், வளையும், பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். இதற்குத்தான் கமகம் என்று பெயர். கமகம் வேண்டுமானால் துளையை முழுசாகத் திறந்து மூடினால் போதாது. விரல் சதையைக் கொஞ்சமாக உருட்டி, துளையைக் கால்வாசி, அரைவாசி என்று மூடித் திறக்க வேண்டும். மூச்சும் அதற்கு ஏற்றபடி மாற வேண்டும். இதில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்க முடியாது. காதுதான் கேஜ்!

விஸ்வநாதனிடம் இன்னொரு விசேஷம். கச்சேரியில் வாசித்துக்கொண்டே இருப்பார், திடீரென்று குழலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த வரியைப் பாடுவார். மறுபடி குழல். மறுபடி பாட்டு. கேட்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே ஓட்டமாக இருக்கும். குழலில் வருவது வெறும் ட்யூன் இல்லை, அதற்குள் சாகித்தியம் இருக்கிறது, அர்த்தம் இருக்கிறது என்று காட்டும் வழி அது. பாட்டி வீணையோடு சேர்ந்து பாடினார் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? ரத்தத்தில் வந்த பழக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் வாசிப்பு இன்று இணையத்தில் கிடைக்கிறது. செல்போனில் தேடி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். குழல் எங்கே முடிகிறது, குரல் எங்கே தொடங்குகிறது என்று முதல் தடவையில் எனக்குப் பிடிபடவே இல்லை.

கடல் கடந்து

1958 இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைத்து விஸ்வநாதன் அமெரிக்கா போனார். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1960 வரை இருந்தார். அங்கே மேன்டில் ஹூட் என்ற பேராசிரியர் இன இசையியல் என்ற துறையை வளர்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாட்டு மக்களின் இசையையும் அவரவர் வழியிலேயே புரிந்துகொள்ள முயலும் துறை அது. ஹூட்டின் கொள்கை ஒன்று ரொம்ப முக்கியமானது. ஓர் இசையைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டுமா? முதலில் அதை வாசிக்கவோ பாடவோ கற்றுக்கொள். புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு எழுதாதே. அதாவது தியரிக்கு முன்னால் பிராக்டிகல்!

இந்தக் கொள்கைக்கு விஸ்வநாதனைப் போன்ற ஆள்தானே தேவை? அவர் படிக்கத்தான் போனார், ஆனால் போன இடத்தில் கற்பிக்கவும் நேர்ந்தது. ஹூட்டின் மாணவரான ராபர்ட் பிரவுன் 1950களின் இறுதியில் சென்னைக்கே வந்து ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றார். பிறகு அந்த பிரவுன் கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்ற ஊரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். தான் கற்ற வித்தையைத் தன் மாணவர்களும் நேராக ஒரு வித்வானிடமே கற்க வேண்டும் என்று நினைத்தார். அதன்படி 1963 இல் ரங்கநாதன் அங்கே போய்ச் சேர்ந்தார். இன்று வெஸ்லியனில் தென்னிந்திய இசை தழைத்து நிற்பதற்குப் போட்ட முதல் விதை அது.

விஸ்வநாதன் சென்னை திரும்பி 1961 முதல் 1965 வரை சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையின் தலைவராக இருந்தார். பெரிய பதவிதான். ஆனாலும் பின்னர் மீண்டும் அமெரிக்கா போனார். 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியா கலைக் கழகத்தில் கற்பித்தார். 1975 இல் வெஸ்லியனில் ராக ஆலாபனை பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே ஆசிரியராக அமர்ந்தார். 27 ஆண்டுகள், கடைசி வரை.

பணத்துக்காகப் போனார் என்று யாராவது சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் குடும்பத்து இசை நிதானமானது. ஒரு பதத்தைப் பாடினால் ஒவ்வொரு சொல்லையும் மெழுகு உருக்குவது போல உருக்கிப் பாட வேண்டும். வேகமும் விறுவிறுப்பும் கைதட்டலும் கேட்கிற சபா மேடைக்கு அது ஒத்து வராது. இசையைக் கூட்டத்துக்காக மாற்றணும், இல்லாவிட்டால் மாற்றாமல் கற்றுக்கொடுக்கிற இடத்தைத் தேடிப் போகணும். அவர் முன்னால் இருந்த கேள்வி இதுதான் என்று நான் நினைக்கிறேன். அவர் இசையை மாற்றவில்லை, இடத்தை மாற்றினார்!

மிடில்டவுன் குருகுலம்

பனி பெய்யும் ஊர். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேர் என்றிருக்கும். உள்ளே அமெரிக்க மாணவர்கள் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, சரளி வரிசை பாடுகிறார்கள்! நினைத்துப் பார்த்தாலே நமக்குச் சிரிப்பும் வருகிறது, பெருமையும் வருகிறது.

குழல் கற்க வந்தவனுக்கும் அவர் பாட்டுதான் முதலில் சொல்லிக்கொடுப்பார். பாடத் தெரியாமல் குழல் இல்லை. அவர் ஒரு வரி பாட, மாணவர்கள் திரும்பப் பாட வேண்டும். அதே திருப்பாம்புரம் முறைதான், ஊர் மட்டும் வேறு. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. மேல்நாட்டு ஆராய்ச்சி முறையை அவர் ஒதுக்கித் தள்ளிவிடவில்லை. ராக ஆலாபனையில் ஒரு ஸ்வரம் எப்படி அசைகிறது, எங்கே தொட்டு எங்கே நிற்கிறது என்பதைத் தாளில் குறித்துக் காட்ட நுணுக்கமான ஸ்வரக் குறிப்பு முறையை உருவாக்கி, அதை வைத்துத் தன் ஆராய்ச்சியை நடத்தினார். இன்ஜினியரிங் டிராயிங் மாதிரிதான். மேலே இருந்து ஒரு தோற்றம், பக்கத்திலிருந்து ஒரு தோற்றம், வெட்டிப் பார்த்தால் ஒரு தோற்றம். ஆனால் டிராயிங் கையில் இருந்தால் மட்டும் ஜாப் வந்துவிடுமா? அதனால் வகுப்பில் அவர் நம்பியது வாயையும் காதையும்தான்.

இதை அனுபவத்தில் உணர்ந்தவர்கள் நாம். அரத்தை எப்படிப் பிடிக்கணும் என்று ஒர்க் ஷாப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. பிட்டிங் செக்ஷனில் மாஸ்டர் வந்து என் கைமேல் தன் கையை வைத்து நாலு தடவை தள்ளிக் காட்டினாரே, அப்போதுதான் எனக்கு விளங்கியது. விஸ்வநாதன் செய்ததும் இதேதான். கைமேல் கை வைத்துக் கொடுக்கிற வித்தை.

அப்படிக் கொடுத்ததில் அவருக்குக் கிடைத்த ரத்தினம் ஜான் ஹிக்கின்ஸ். 1939 இல் அமெரிக்காவில் பிறந்தவர். வெஸ்லியன் மாணவர். 1964 இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னைக்கு வந்து விஸ்வநாதனிடம் பாட்டுக் கற்றார். திருவையாறு தியாகராஜ ஆராதனையில் அவர் பாடியபோது கூட்டம் வாய் பிளந்து கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வெள்ளைக்காரர் பாடுகிறார் என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாடே அவருக்கு ஹிக்கின்ஸ் பாகவதர் என்று பேர் வைத்தது. பரதநாட்டிய இசையைப் பற்றியே ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். கனடாவில் டொராண்டோ நகரின் யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்க வித்வான் திருச்சி சங்கரனோடு சேர்ந்து இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். பிறகு வெஸ்லியனுக்கே திரும்பி வந்து கலை மையத்தின் இயக்குநரானார். குருவும் சீடனும் ஒரே பல்கலைக்கழகத்தில்!

இருண்ட வருஷம்

1984. விஸ்வநாதன் வாழ்க்கையில் இடி மேல் இடியாக விழுந்த வருஷம். பிப்ரவரி 9 ஆம் தேதி அக்கா பாலசரஸ்வதி சென்னையில் காலமானார். அந்த அக்காவின் ஆட்டத்துக்கு எத்தனையோ மேடைகளில் குழல் வாசித்தவர் தம்பி. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் டிசம்பர் 7 ஆம் தேதி மிடில்டவுனில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போன ஹிக்கின்ஸ் மீது ஒரு வண்டி மோதியது. மோதியவன் நிறுத்தாமல் போய்விட்டான். ஹிக்கின்ஸ் இறந்து போனார். வயது 45. மூன்று வருஷம் கழித்து, 1987 இல் அண்ணன் ரங்கநாதனும் போய்விட்டார்.

அக்கா போனாள், சீடன் போனான், அண்ணன் போனார். தன்னோடு சேர்ந்து இந்த இசையைச் சுமந்தவர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி. அந்நிய ஊர், 60 வயது, தோளில் ஏழு தலைமுறைச் சுமை. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்திருப்போம்.

அவர் வகுப்புக்குப் போனார். புதிதாக வந்த மாணவர்களுக்கு மறுபடியும் ஸ ரி க ம வில் தொடங்கினார். இதற்கு மேல் அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதைப் படித்த அன்றுதான் இவரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பட்டங்களும் வந்தன. 1987 இல் சங்கீத நாடக அகாடமி விருது. 1988 இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. குரு வாங்கிய அதே பட்டம், அக்கா 1973 இல் வாங்கிய அதே பட்டம். 1992 இல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலை விருது. அதைப் பெற்ற முதல் இந்திய இசைக் கலைஞர் இவர்தான். ஒரு காலத்தில் ஊரார் ஒரு மாதிரியாகப் பேசிய குடும்பத்துக் கலையை, கடல் கடந்த ஒரு நாடு தன் சொந்தப் பாரம்பரியச் சொத்து என்று ஏற்றுக்கொண்டது. இதைவிடப் பெரிய பதில் வேறென்ன வேண்டும்?

2002 செப்டம்பர் 10 ஆம் தேதி கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் தம் 75 ஆம் வயதில் விஸ்வநாதன் மறைந்தார். மாணவர் மேத்யூ ஆலனோடு சேர்ந்து தென்னிந்திய இசை பற்றி அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகம் 2004 இல் வெளிவந்தது. அச்சில் பார்க்க அவர் இல்லை. ஆனால் வகுப்பு நிற்கவில்லை. வெஸ்லியனில் அவருக்குப் பின் பாட்டுச் சொல்லிக்கொடுக்க அமர்ந்த பாலசுப்பிரமணியனும், மிருதங்கம் சொல்லிக்கொடுத்த டேவிட் நெல்சனும் முறையே விஸ்வநாதனிடமும் ரங்கநாதனிடமும் கற்றவர்கள். ஆண்டுதோறும் அங்கே நவராத்திரி விழாவும் நடந்து வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் நவராத்திரி!

நமக்கு என்ன சேதி?

இரண்டு மரபைக் கலப்பது என்றால் இன்று நமக்கு உடனே நினைவுக்கு வருவது கிடாரும் தவிலும் ஒரே மேடையில் ஏறுவது. அதுவும் நல்லதுதான், கேட்க உற்சாகமாக இருக்கும். விஸ்வநாதன் காட்டிய கலப்பு வேறு ரகம். பாட்டியின் வீணையையும் குருவின் நாகசுர மரபையும் ஒரு மூங்கிலுக்குள் கொண்டு வந்தார். சென்னை வீட்டுக் கூடத்தின் முறையையும் அமெரிக்க ஆராய்ச்சி அறையின் முறையையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தார். எதையும் தண்ணீர் ஊற்றி நீர்த்துப் போகச் செய்யவில்லை. நீர்த்துப் போகாமலே கலக்கலாம், இரண்டையும் முழுசாகக் கற்றவனுக்கு அது முடியும்.

தோழர்களே! பாலிடெக்னிக்தானே என்று நம்மை இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. கையில் கிரீஸ் ஒட்டிய படிப்பு என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. விடுங்கள்! கைவழியே வருகிற அறிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த மனிதர் ஓர் அத்தாட்சி. நம்மில் பலர் நாளைக்கு வெளிநாடு போகலாம், பக்கத்து ஊர் பட்டறைக்கே போகலாம், லேட்டரல் என்ட்ரியில் பொறியியல் கல்லூரிக்கும் போகலாம். எங்கே போனாலும் பக்கத்தில் ஒரு புதுப் பையன் வந்து நிற்பான், ஒன்றும் தெரியாமல் முழிப்பான். அவன் எந்த ஊர், எந்த மொழி என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அவன் கைமேல் உங்கள் கையை வையுங்கள். நமக்கு ஒருவர் அப்படித்தான் கொடுத்தார்.



- மூன்றாமாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை